விளக்கு நேரமும் புது நரம்பு செல்களும்
வளர்ந்த மூளையில் புது நரம்பு செல் பிறக்காது என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். 1960களில் ஜோசப் ஆல்ட்மன் என்ற விஞ்ஞானி எலிகளில் அது நடக்கிறது என்று காட்டியும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, அது அவருக்கு நடந்த அநியாயம். இப்போது பல பாலூட்டிகளில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இது நடப்பது உறுதியாகிவிட்டது. மனிதர்களில் எவ்வளவு என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓடுகிறது.

என்னை உலுக்கியது 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. எலி போன்ற சிறு விலங்குகளான ஹாம்ஸ்டர்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை விளக்கு எரிந்து அணையும் நேரத்தை ஆறு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டே போனார்கள், அதாவது நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் திரும்பத் திரும்பப் பறப்பது போல, கிட்டத்தட்ட நான்கு வாரம். ஹிப்போகேம்பஸில் புது நரம்பு செல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அப்புறம் வழக்கமான நேரத்துக்குத் திரும்பி 28 நாள் ஆகியும் கற்றலில் தடுமாற்றம் தீரவில்லை!

ஹாம்ஸ்டரில் நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் சில நாளுக்கு ஒருமுறை ஷிப்ட் மாற்றிப்போடும் அட்டவணைகளை எழுதுகிறவர்கள், தயவுசெய்து இந்த ஆய்வை ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.