மாமனாரும் மூலப்பத்திரமும்

டெக்சஸின் ஃபிரெடரிக்ஸ்பர்க் ஊருக்குப் பீச் பழம் வாங்கத்தான் போனோம். போன இடத்தில், 1844-ஆம் ஆண்டு நடந்த ஒரு நில விற்பனையில் என் மாமனார் வில்லங்கம் கண்டுபிடித்துவிட்டார். பத்திரப்பதிவு அலுவலகத்தை விட்டு ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும், எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அவருடைய கண் முதலில் நான்கு எல்லையைத்தான் தேடும்.

மரச்சட்டங்களுக்கு நடுவே கல்லை அடுக்கி ஒரு ஜெர்மன் குடும்பம் கட்டிய வீட்டை அங்கே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மாமியார் நேராக அடுப்பங்கரைக்குள் நுழைந்து, குனிந்தே சமைத்த அந்த வீட்டுப் பெண்ணின் இடுப்புக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். வழிகாட்டிப் பெரியவரோ, ஜெர்மானியப் பிரபுக்கள் 1842-இல் தொடங்கிய சங்கம் ஒன்று குடும்பத்துக்கு 600 கில்டர் வாங்கிக்கொண்டு, கப்பல் பயணமும் வீடும் 320 ஏக்கரும் தருவதாக வாக்களித்த கதையை உருக்கமாகச் சொல்லத் தொடங்கினார்.

"மாப்பிள்ளை, இடத்தை யார் நேரில் போய்ப் பார்த்தது என்று கேளுங்கள்" என்றார் மாமனார்.

கேட்டேன். 1844-இல் சங்கம் வாங்கிய, முப்பது லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில், சங்கத்தின் முதல் ஆணையராக வந்த இளவரசர் சோல்ம்ஸ்கூடக் கடைசிவரை கால் வைக்கவில்லையாம். அனுபோகத்தில் இருந்தது யார் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கப் பழங்குடியினரான கமாஞ்சி மக்கள் என்று பதில் வந்ததும், லஞ்சம் வாங்கிய எழுத்தரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவர்போல மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த விற்பனையில் எனக்கும் தரகு கிடைத்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ!

1846-இல் மெக்சிகோவுடன் போர் மூண்டு, வண்டிகளையெல்லாம் ராணுவம் வாடகைக்குப் பிடித்துக்கொள்ள, குழந்தை குட்டிகளோடு கடற்கரையிலேயே சிக்கிக்கொண்ட குடும்பங்களில் ஏராளமானோர் நோயில் மடிந்ததைப் பெரியவர் சொன்னபோது மட்டும் மாமனார் குறுக்கிடவில்லை. பிழைத்து இந்த ஊர் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு மனையும் பத்து ஏக்கரும் கிடைத்தன என்று அவர் முடித்த பிறகுதான், "கட்டிய பணத்தில் மீதியைத் திருப்பித் தந்தார்களா?" என்று மெல்லக் கேட்டார். சங்கமே கடனில் மூழ்கியதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பெரியவர் சொல்லிவிட்டார்.

சோல்ம்ஸுக்குப் பின் வந்த மொய்ஸபாக், 1847-இல் சான் சாபா ஆற்றங்கரைக்கே போய், 3,000 டாலர் பெறுமான பொருள்களுக்குக் கமாஞ்சித் தலைவர்களிடம் உடன்படிக்கை வாங்கினார் என்றதும் மாமனாருக்கு உயிர் வந்தது. "ஒருவனுக்காவது அனுபோகதாரரைக் கேட்கத் தோன்றியதே!" என்று பாராட்டினார். அதோடு விட்டிருக்கலாம். அந்த ஆவணம் ஆஸ்டினில் மாநில நூலகத்தில் இருப்பதைப் பெரியவர் வேலை மெனக்கெட்டுச் சொல்ல, அப்பாவை அடுத்த சனிக்கிழமையே அங்கே கூட்டிப் போவதாக என் மனைவி என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதற்குள் சாட்சிகள் எத்தனை பேர், தலைவர்கள் வைத்தது கைநாட்டா, கைநாட்டென்றால் இடது பெருவிரல்தானா என்று நூலகத்துக்குத் தொலைபேசி செய்து விசாரித்து வைக்க வேண்டும் என்று இன்று காலை காப்பியோடு எனக்கு உத்தரவு வந்திருக்கிறது.