பூட்டியின் பெயரைத் தேடிய எட்டு மாதம்

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போயிருந்தபோது அண்ணன் மகள் ஒரு கேள்வி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்களாம். "உங்க தாத்தாவோட அம்மா பேரு என்ன அத்தை?"

மேலூர்ப் பக்கத்துச் சொந்தம் நாற்பது பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். தாத்தாவின் அப்பா பெயர் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வழக்கப்படி அதையே என் அப்பாவுக்கும் வைத்திருக்கிறார்கள். தாத்தாவின் அம்மா, அதாவது என் பூட்டி, பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊரே அவரை 'சின்னாத்தா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயரைக் கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினேன். பழைய ஆவணம் எதையும் அதற்கு முன் தொட்டதில்லை. என்னைப் போலத் தொடங்குபவர்களுக்கு உதவும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குடும்பத்தார் பெயர்களையும் புல எண்களையும் மட்டும் விட்டுவிடுகிறேன்.

முதலில் போனது அப்பத்தாவிடம். தொண்ணூறு வயது, நினைவு தெளிவு. மாமியாரான சின்னாத்தாவோடு பல வருடம் ஒரே வீட்டில் இருந்தவர். பெயரைக் கேட்டேன். "மாமியா பேரை மருமக சொல்லலாமாத்தா?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார். எப்படிக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரையே அவர் இன்றுவரை சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்திருந்த ஒரே மனுஷி அதை எழுபது வருடமாக உச்சரிக்கவே இல்லை. மரியாதையினாலேயே ஒரு பெயர் காணாமல் போகும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆனால் அப்பத்தா வேறு நிறையச் சொன்னார். அத்தனையையும் போனில் பதிவு செய்துகொண்டேன். அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, ரெங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது செத்துப்போனார் என்பது. இன்னொன்று, எங்கள் வயலுக்குக் கிழக்கே இருக்கும் புஞ்சையைக் கை நீட்டிக் காட்டி, "இதுவும் ஒரு காலத்துல நம்மளுதுதான்" என்றது. இரண்டாவதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வீட்டு ட்ரங்குப் பெட்டியோடு போனது. கிஸ்தி (நிலவரி) ரசீதுகள், இரண்டு கிரயப் பத்திரம், ஒரு பாகப்பிரிவினை, மூன்று மொய் நோட்டு. எதையும் படிப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டேன். ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்து எடுத்தால் மங்கிய மையும் தெரிகிறது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். எங்கள் பத்திரம் ஒன்று அப்படி உள்ளேயே பழுத்துப்போய், இப்போது எழுத்தும் தெரியாமல் பிரிக்கவும் முடியாமல் கிடக்கிறது.

படிப்பதுதான் கஷ்டம். ஒரு தேதிக்கு மூன்று கணக்கு ஓடுகிறது. பத்திரத்தில் தமிழ் வருடம் இருக்கும். அது அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் தனியாக நம்ப முடியாது. 'பவ' என்றால் 1874ஆகவும் இருக்கலாம், 1934ஆகவும் இருக்கலாம். கிஸ்தி ரசீதில் பசலி, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டு, இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆனால் பசலி ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். அதனால் பசலி 1344 என்றால் 1934 ஜூலை முதல் 1935 ஜூன் வரை. முத்திரைத்தாளில் இருக்கும் ராஜா படமும் உதவும். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910க்கும் 1936க்கும் இடையில் வந்த தாள். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த பிறகே என் நோட்டில் ஆண்டைக் குறித்தேன்.

அப்புறம் 'ஷை'. பழைய பத்திரங்களில் 'ஷை நிலம்', 'ஷை நபர்' என்று வந்துகொண்டே இருந்தது. யாரோ ஒருவர் பெயரின் சுருக்கம் என்று நினைத்து ஒரு வாரம் அவரைத் தேடினேன். 'மேற்படி' என்பதற்கான ௸ குறியைத்தான் அப்படி எழுதுகிறார்கள் என்று ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் சொல்லித் தந்தார். மொய் நோட்டில் தொகையெல்லாம் தமிழ் எண். ௧ பார்க்க 'க' மாதிரி, ௭ 'எ' மாதிரி, ௮ 'அ' மாதிரி இருக்கும். கால் என்பதற்கு 'வ' போல ஒரு குறி. 'க வ' என்று எழுதியிருந்தால் ஒன்றேகால் ரூபாய் மொய்.

பெயர்களில் வந்த குழப்பம் இன்னும் பெரிது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் இனிஷியல். பேரனுக்குத் தாத்தா பெயர். அதனால் இரண்டே பெயர்கள் மாறி மாறித் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. போதாக்குறைக்கு அண்ணன் தம்பி இருவருமே தங்கள் மூத்த மகனுக்கு ஒரே தாத்தா பெயரை வைத்திருப்பார்கள். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயரில் இரண்டு பேர்! ஒரு கிஸ்தி ரசீதைத் தவறான ஆள் கணக்கில் எழுதி, பிறகு அடித்துத் திருத்தினேன். பெயரைத் தனியாகக் குறிக்காமல், 'இன்னார் மகன் இன்னார், இந்த ஆண்டில்' என்று மூன்றையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கிய பிறகுதான் குழப்பம் தெளிந்தது.

ஆனால் பெட்டியில் இருந்த எந்தக் காகிதத்திலும் பூட்டியின் பெயர் இல்லை. குமாரர், பேரன், பங்காளி என்று ஆண்கள் வரிசையாக வருகிறார்கள். பெண் ஒருத்திகூட இல்லை.

முதல் துப்பு மொய் நோட்டில் கிடைத்தது. 1952, நந்தன வருடம் வைகாசி, தாத்தா கல்யாணத்து நோட்டு. பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரியே தாய்மாமன் சீர். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்றால் பூட்டியின் கூடப்பிறந்தவர்! நம் மொய் நோட்டில் ஊரை முதலில் எழுதிவிட்டுத்தான் ஆளை எழுதுவார்கள். நத்தம் பக்கத்தில் ஒரு ஊர். எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டிராத ஊர். பூட்டியின் பிறந்த ஊர் அப்படிக் கிடைத்தது. எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லாத தகவல் நாற்பது பக்க நோட்டில் இருந்தது. உங்கள் வீட்டில் மொய் நோட்டு இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வைகாசியில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளுக்காக அலைந்தேன். 1980இல் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை ஒழிக்கும்வரை கிராமத்து அளவில் அவர்கள்தான் இதையெல்லாம் எழுதி வந்தார்கள். எனக்கு வேண்டிய வருடங்களுக்குக் கிடைத்தது 'பதிவு காணப்படவில்லை' என்ற சான்றுதான். தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு கிடைத்தது. பிறந்த தேதி 1.7.1927. கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம். தேதியை வாத்தியாரே போட்டிருப்பார் என்று ஒரு கேள்விக்குறியோடு குறித்துக்கொண்டேன்.

ஆனி மாதம் ஒரு நாள் பேருந்தில் வரும்போது அப்பத்தா காட்டிய புஞ்சை ஞாபகம் வந்தது. அப்போதுதான் உறைத்தது. நம் பெட்டியில் இருப்பது நாம் வாங்கிய, வைத்துக்கொண்ட நிலத்தின் பத்திரம் மட்டும். நாம் விற்ற நிலத்தின் பத்திரம் வாங்கியவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும்! நான் தேடிக்கொண்டிருந்தது குடும்பத்தின் பாதிக் கதையில்தான்.

அந்தப் புஞ்சையின் இன்றைய புல எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது, பட்டா விவரங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் 1979இல் தொடங்கிய யூடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டு வேலையில் எண்கள் மாறியிருக்கின்றன. பழைய எண் இல்லாமல் பழைய பத்திரத்தைத் தேட முடியாது. கிராமத்து நிலங்களைப் புல எண் வாரியாகக் குறித்திருக்கும் 'அ' பதிவேட்டில் புதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண்ணும் இருக்கும். அதை வைத்து 1920 முதல் 1950 வரை வில்லங்கம் (ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) கேட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டேன். அவ்வளவு பழைய காலத்துக்குக் கணினியில் வராது, அட்டவணைப் புத்தகங்களைக் கையால் புரட்டித்தான் எடுக்க வேண்டும். சொத்துப் பத்திரங்கள் நகலெடுக்கப்படும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்க, 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டமே இடம் கொடுக்கிறது. உயில் அப்படியில்லை. இது தெரியாமல் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

ஆடிக் கடைசியில் வில்லங்கம் வந்தது. முப்பது வருடத்துக்கு மூன்று பதிவு. நடுவில் இருந்தது 1934இல் ஒரு கிரயம். எழுதிக்கொடுத்தவர் பத்தியில் ஒரு பெண் பெயர். அதே நாள் நகலுக்கும் மனுப் போட்டேன்.

நகல் நாலு பக்கம். பவ வருடம் ஆவணி. 'காலஞ்சென்ற' பூட்டனின் பாரியாளும், மைனர் குமாரர்கள் இருவருக்கும் தாயாரும் கார்டியனுமாகிய... என்று தொடங்கி, அடுத்த வார்த்தை அவர் பெயர். மதுரை அம்மன் பெயர். எங்கள் குடும்பத்தில் அதே பெயரில் இப்போது மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் பூட்டியை நினைத்து வைத்ததில்லை.

அலுவலகத் திண்ணையிலேயே உட்கார்ந்து முழுவதும் படித்தேன். புருஷன் புரோநோட்டில் வாங்கிய கடனையும் வட்டியையும் அடைக்க நாற்பது சென்ட் புஞ்சையை விற்றிருக்கிறார். மூத்த மகனுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, 'வயது சுமார் 9' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 1925 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். பள்ளித் தேதிக்குப் போட்ட கேள்விக்குறி சரிதான். கடைசியில் பூட்டியின் பெயருக்கு நேரே 'கைநாட்டு' என்று எழுத்தர் கையெழுத்து. இது பதிவுப் புத்தகத்து நகல், ரேகை அசலில்தான் இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. ரெங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பரில். 1934லேயே பூட்டன் காலஞ்சென்றவர். அப்படியென்றால் குண்டில் செத்தது யார்? பதில் அதே பத்திரத்தின் நான்கெல்லையில், அதாவது நிலத்தின் நாலு பக்கமும் யார் நிலம் என்று சொல்லும் இடத்தில், இருக்கலாம்: 'ரெங்கூனுக்குப் போயிருக்கும்' ஒருவரின் புஞ்சைக்குக் கிழக்கு என்று வருகிறது. பூட்டனின் தம்பி பெயர் அது. அண்ணன் தம்பி இருவர் சாவும் ஒரே கதையாகக் கலந்துவிட்டது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல இன்னும் ஆதாரம் வேண்டும். பத்திரம் படிப்பவர்கள் நான்கெல்லையைத் தாண்டிப் போய்விடாதீர்கள், எல்லைக்காரர்களில் பாதிப் பேர் பங்காளிகள்தான்.

இந்த முப்பது வயதுகூட ஆகியிராத விதவையைப் பற்றித்தான் ஆவணி முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். கடன்காரனுக்கு நாற்பது சென்ட் கொடுத்துவிட்டு மிச்ச வயலைப் பிள்ளைகளுக்குக் காப்பாற்றியிருக்கிறார். அந்த வயலில்தான் இப்போதும் நெல் விளைகிறது. அவர் கைநாட்டு வைத்த அந்த ஒரு நாளைத் தவிர, வேறு எந்தக் காகிதத்திலும் அவர் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

புரட்டாசியில் அப்பத்தாவிடம் நகலைக் கொண்டுபோய் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதான்" என்றார். பிறகு காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் மகளுக்கும் அன்றே போன் பண்ணிச் சொன்னேன். குடும்ப மரத்தில் எழுதிவிட்டாள்.

அடுத்து நத்தம். அந்த ஊர் அப்போது மதுரை ஜில்லா, 1985க்குப் பிறகு திண்டுக்கல் மாவட்டம். அதனால் அலுவலகமும் மாறும். முதலில் அலுவலகம் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். தாய்மாமன் வீட்டு வாரிசுகள் அந்த ஊரில் இருந்தால், அவர்கள் வீட்டு மொய் நோட்டில் எங்கள் பக்கத்துச் செய்முறை எழுதியிருக்க வேண்டும். தை பிறந்ததும் அப்பாவோடு போகிறேன்.