அடினோசின் தந்த நெஞ்சுவலி

மார்ச் 4
நாளை இதய ரத்த ஓட்டப் பரிசோதனை. மூட்டுத் தேய்மானத்தால் டிரெட்மில்லில் நடக்க முடியாது. அதனால் இதய ரத்தக்குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தை டிரிப் வழியே ஏற்றி ஸ்கேன் எடுப்பார்கள். காபி, டீ, சாக்லேட் எதையும் இன்று தொடக்கூடாது. மருந்து வேலை செய்யவிடாமல் கஃபீன் தடுத்துவிடும். ஆஸ்துமா உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் பக்கவிளைவுகளின் நடுவே நெஞ்சுவலியும் இருந்தது. எப்படிப்பட்ட வலி, எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் 5
மருந்து ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் முகம் தீயாய்ச் சுட்டது. மூச்சு வாங்கியது. பிறகு நடுநெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல் ஓர் அழுத்தம். தாடை வரை பரவியது. மாரடைப்பேதான் என்று நம்பிவிட்டேன். "வலிக்கிறது" என்றேன். செவிலியர் என் மணிக்கட்டைப் பிடித்தபடி, கண்ணை இ.சி.ஜி. திரையிலிருந்து எடுக்காமலே, "மருந்துதான் இப்படிச் செய்கிறது அம்மா, நிறுத்தியதும் போய்விடும். கூடினால் சொல்லுங்கள்" என்றார். அடினோசினின் விளைவை முறிக்கும் அமினோஃபிலின் மருந்து தட்டில் தயாராக இருந்தது. தேவைப்படவில்லை. டிரிப்பை நிறுத்தி ஓரிரு நிமிடத்தில் வலி சுவடில்லாமல் போனது.

மார்ச் 6
ரத்தத்தில் அடினோசினின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், 10 விநாடிக்கும் குறைவு என்று இன்று படித்தேன். வந்த வேகத்தில் வலி போனதற்குக் காரணம் அதுதான். ஆக்சிஜன் போதாதபோது இதயத் தசை தானே வெளிவிடும் பொருளும் இதுவே; வலியை உணரும் நரம்புகளை அது தூண்டுகிறது. ஆகவே அடைப்பே இல்லாதவருக்கும் இந்தச் சோதனையில் நெஞ்சு வலிக்கலாம். வலியை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை, இ.சி.ஜி.யும் படங்களும்தான் சொல்லவேண்டும். அதற்காக வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கவும் கூடாது. அரிதாக உண்மையான மாரடைப்பே நேர்ந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்திருக்கிறது.

மார்ச் 12
படத்தில் ஓரிடத்தில் ரத்த ஓட்டம் சற்றுக் குறைவு. ஆஞ்சியோகிராம் செய்து, அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியால் அடைப்பைத் தாண்டி ரத்த அழுத்தத்தை அளக்கவேண்டுமாம். அளக்கும்போது மறுபடியும் அடினோசின். இம்முறை மருத்துவரிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 19
அதே அழுத்தம், அதே தாடைவலி. வரும் என்று தெரிந்திருந்ததால் மூச்சை நிதானமாக விட முடிந்தது. அடைப்பைத் தாண்டிய அழுத்தத்தை அதற்கு முந்தைய அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.80க்குக் கீழே போனால் ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்கள், எனக்கு 0.87. மாத்திரைகள் தொடர்கின்றன.