சுண்டலுக்கு ஒரு ரசீது

"ரசீது எந்தப் பேர்ல குடுப்பீங்க?" என்று, நாங்கள் நன்கொடை கேட்டுப் போயிருந்த நிறுவனத்தின் மேலாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. 2022 ஜூன் மாதம். வியாசர்பாடியில் எங்கள் மன்றம் தொடங்கி ஏழாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் அண்டா வைத்துச் சோறு பொங்கிய பதினைந்து பேர், தண்ணீர் வடிந்த பிறகும் கலையாமல் மன்றமாகவே நின்றுவிட்டோம். வருடா வருடம் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா, பை. அதற்கான பணமெல்லாம் தலைவர் அண்ணனின் சொந்த ஜிபே எண்ணுக்குத்தான் வரும். அவர் ஒரு பைசா தொடமாட்டார் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். பாரிமுனையில் உட்கார்ந்திருக்கும் அந்த மேலாளருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அன்று இரவே மன்றத்தைப் பதிவு செய்வது என்று முடிவெடுத்தோம். ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுபவள் என்பதால் பொருளாளர் பொறுப்பு எனக்கு வந்தது. பதிவு என்றால் என்ன, எங்கே தடுக்கும், எவ்வளவு நாள் ஆகும் என்று அப்போது எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. எங்களை மாதிரி எத்தனையோ தெருக்களில் நல்ல மனசோடு வேலை செய்கிற மன்றங்கள் இருக்கின்றன. அவர்களுக்குப் பயன்படும் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு செய்ய ஏழு பேர் இருந்தால் போதும். நோக்கம் என்ன என்று சொல்லும் மெமோராண்டம், எப்படி நடத்துவோம் என்று சொல்லும் பைலா, இரண்டையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பைலாவை நாங்கள் கவனமாக எழுதவில்லை. தெரிந்த இன்னொரு சங்கத்தின் பைலாவை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். பதிவும் ஆகிவிட்டது. சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டினோம்.

அப்புறம்தான் சிக்கல் வந்தது. சங்கத்தின் பெயரில் பான் கார்டு வாங்கி, வங்கிக் கணக்கு திறந்து (இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்று தீர்மானம் போட்டோம்), வருமான வரித் துறையில் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) பதிவுக்கு ஆடிட்டரிடம் போனோம். அவர் பைலாவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். "சங்கத்தைக் கலைச்சா மிச்சச் சொத்து யாருக்குப் போகும்னு இதுல எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். அது எங்கேயும் இல்லை. கலைத்தால் மிச்சம் உறுப்பினர்களுக்குப் பிரிக்கப்படாது, இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குத்தான் போகும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு பத்திக்காக மறுபடியும் பொதுக்குழு, சிறப்புத் தீர்மானம், பைலா திருத்தம், பதிவு அலுவலகம். மூன்று மாதம் போனது. இனிமேல் பதிவு செய்யப்போகிறவர்கள் அந்தப் பத்தியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

அதன் பிறகு படிவம் 10ஏ இணையத்தில் போனது, தற்காலிகப் பதிவு வந்தது. மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் அடுத்த விண்ணப்பம் போட வேண்டும் என்று ஆடிட்டர் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினார். 80ஜி இருந்தால் கொடுப்பவர் வரிச்சலுகை கேட்கலாம் என்பது அப்போதைய விதி. ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரர்களுக்கும் கிடையாது. நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடி-யில் மே 31-க்குள் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் கொடுக்க முடியும். எங்கள் தெருவில் ஐம்பது, நூறு என்று கொடுக்கிற யாருக்கும் இதெல்லாம் தேவைப்படாது. ஆனால் அந்த ஐம்பது ரூபாய்க்கும் ரசீது உண்டு என்பதை நாங்கள் விதியாகவே வைத்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். லயன்ஸ் கிளப்பில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். லயன்ஸ் கிளப்பில் உறுப்பினர் சந்தா ஒரு கணக்கு, பொதுமக்களிடம் திரட்டிய பணம் வேறொரு கணக்கு. மக்கள் பணத்தைக் கிளப்பின் சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது. "கூட்டத்துல குடிக்கிற டீ உங்க சந்தாவுலதாம்மா வரணும்" என்றார். அன்றிலிருந்து இரண்டு நோட்டு. சிவப்பு அட்டை சந்தாவுக்கு, பச்சை அட்டை பிள்ளைகள் பணத்துக்கு. இருபத்திரண்டு பேர், மாதம் நூறு ரூபாய். டீ, ஜெராக்ஸ், ஆடிட்டர் கட்டணம் எல்லாம் சிவப்பு நோட்டில்தான்.

சரி, பச்சை நோட்டின் பணத்தை எதற்குச் செலவழிப்பது? வழக்கம்போல நோட்டு வாங்கலாம் என்று, பக்கத்திலுள்ள அரசு உதவி பெறும் பள்ளியின் தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனோம். அவர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பாடப்புத்தகம், நோட்டு, பை, காலணி, ஜியாமெட்ரி பெட்டி வரைக்கும் அரசே கொடுக்கிறது. மதியம் சத்துணவு. இல்லாதது சாயங்காலம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிறப்பு வகுப்புக்கு ஆறரை மணி வரை இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. "அஞ்சு மணிக்கு மேல நான் சொல்றது எதுவும் அதுங்க காதுல ஏறல" என்றார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏழு வருடமாக யாரையும் கேட்காமலே நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆயிரம் விளக்கில் 1920-இல் மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் மதிய உணவைத் தொடங்கி நூறு வருடம் ஆன ஊர் இது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது நமக்குப் புதுச் செய்தியே இல்லை.

கணக்குப் போட்டோம். அறுபது பிள்ளைகள். ஒரு தொன்னைச் சுண்டலும் ஒரு வாழைப்பழமும் பன்னிரண்டு ரூபாய். ஒரு நாளைக்கு 720. டிசம்பர் தொடங்கி மார்ச் பாதி வரை எழுபது நாள் என்றால் 50,400 ரூபாய்.

பணத்துக்கு முதலில் வந்த யோசனை குலுக்கல் சீட்டு. பத்து ரூபாய் டிக்கெட், முதல் பரிசு மிக்சி. மூத்தவர்கள் சிலருக்கு ரொம்பப் பிடித்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து லாட்டரிக்குத் தடை இருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். லாட்டரிச் சீட்டால் தாலி வரைக்கும் அடகு போன வீடுகளை இதே தெருவில் சின்ன வயதில் பார்த்தவள் நான். பிள்ளைகளின் பேரைச் சொல்லி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இரண்டாவது யோசனை, பிள்ளைகள் கையில் உண்டியல் கொடுத்து சிக்னலில் நிற்க வைப்பது. அதை எடுத்த எடுப்பிலேயே எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் சாப்பிடும் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதில்லை என்பதும் அதே கூட்டத்தில் போட்ட தீர்மானம். நாளைக்கு வகுப்பில் யாரும் அந்தப் படத்தைக் காட்டிப் பேசிவிடக் கூடாது.

கடைசியில் கேரம் போட்டி என்று முடிவானது. வடசென்னையில் பணம் திரட்ட இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியாது. இங்கே தெருவுக்கு ஒரு போர்டு இருக்கும். இரண்டு முறை உலகச் சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம் சென்னைக்காரர். பிறகு 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, பக்கத்துப் புது வண்ணாரப்பேட்டைப் பெண்.

இரட்டையர் ஆட்டம், அறுபத்து நான்கு ஜோடி, ஜோடிக்கு 400 ரூபாய். 2023 ஆகஸ்டில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அக்கம்பக்கத்து கிளப்புகள் எட்டு போர்டு இரவல் கொடுத்தன. அரையிறுதி வரை ஒரே ஆட்டம், 25 புள்ளி அல்லது எட்டு போர்டு (ஆட்டத்தில் ஒரு சுற்றையும் போர்டு என்றுதான் சொல்வோம்). அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு. ஒன்பது ஜோடிப் பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு ஜோடி, அம்மாவும் பெண்ணும், கால் இறுதி வரை வந்தார்கள். அந்த அம்மா சிவப்புக் காயைப் போட்டு, உடனே அதற்கான பாலோ காயையும் எடுத்தபோது மண்டபமே எழுந்து நின்றது. பவுடர் வாசனையும் ஸ்ட்ரைக்கர் சத்தமும் அன்று இரவு படுத்த பிறகும் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

வசூல் 25,600. மண்டபம், மேசை, காய், பவுடர், நடுவர் சாப்பாடு எல்லாம் சேர்த்து 10,600. மிச்சம் 15,000. மன்ற உறுப்பினர்கள் சாப்பிட்ட பிரியாணியை எந்த நோட்டில் எழுதுவது என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. இரண்டு நாளும் ஓடியாடி வேலை செய்தவர்களுக்கு அது கூடாதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனாலும் சிவப்பு நோட்டில்தான் எழுதினேன். இரண்டு பேர் என்னிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழைய பேப்பர் சேகரித்ததில் 640 கிலோ, 7,680 ரூபாய். வீடு வீடாகப் போய் ரசீது போட்டது 11,250. இன்னும் 16,470 வேண்டும். 80ஜி சான்றிதழோடு பாரிமுனை மேலாளரிடம் திரும்பப் போனேன். ஒரு வருடத்துக்கு முன் கேட்டது அவருக்கு நினைவிருந்தது. காகிதங்களைப் பார்த்தார், பைலாவின் அந்தக் கடைசிப் பத்தியையும் படித்தார். 20,000 ரூபாய்க்குக் காசோலை வந்தது.

டிசம்பர் 1 வெள்ளிக்கிழமை சுண்டல் தொடங்கியது. திங்கட்கிழமை மிக்ஜாம் புயல். தெருவில் மறுபடியும் இடுப்பளவு தண்ணீர், நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கணக்கில் ஐம்பதாயிரத்துக்கு மேல் பணம் இருக்கிறது, வெளியே பால் இல்லாமல் கைக்குழந்தைகள் அழுகின்றன. பணத்தை எடுங்கள் அக்கா என்று தம்பிகள் கேட்டார்கள். மன்றத்தில் நான் பட்ட கஷ்டங்களில் இதுதான் பெரியது. அந்தப் பணம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சாயங்காலத்துக்கு என்று ரசீதில் எழுதி வாங்கியது. மாடிப்படியில் டார்ச் வெளிச்சத்தில் கூட்டம் போட்டோம். பச்சை நோட்டைத் தொடுவதில்லை, வெள்ளத்துக்குத் தனியாக, தனி ரசீதில் திரட்டுவது என்று முடிவானது. முதல் ரசீது நானே போட்டுக்கொண்டேன். இட்லிக்கடை ஆயா, கடைக்குள் தண்ணீர் புகுந்த நிலையிலும், நூறு ரூபாய் கொடுத்துவிட்டு ரசீதைக் கேட்டு வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். இரண்டு நாளில் பாலும் பிரட்டும் மெழுகுவத்தியும் வாங்கத் தேவையான அளவு சேர்ந்தது.

பள்ளி திறந்ததும் சுண்டல் தொடர்ந்தது. சுண்டல் செய்து கொடுத்ததும் அந்த ஆயாதான். பயறு, கொண்டைக்கடலை, மொச்சை என்று நாளுக்கு ஒன்றாக மாற்றுவார். மழையில் விட்டுப்போன நாட்களைக் கழித்து அறுபத்தாறு நாள், செலவு 47,520. மார்ச் கடைசியில் பிள்ளைகள் தேர்வுக்குப் போனார்கள். மே மாதம் படிவம் 10பிடி ஏற்றி, மேலாளருக்குச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பச்சை நோட்டில் மிச்சம் 6,410 ரூபாய். ஜூன் முதல் ஞாயிறு பொதுக்குழுவில் வரவு செலவைப் படித்து, ஒரு நகலை மளிகைக் கடைச் சுவரில் ஒட்டினோம். தலைமை ஆசிரியை வந்திருந்தார். அடுத்த வருடம் எழுபத்து நான்கு பிள்ளைகள் என்றார்.