புரட்டாசியில் பட்டர்நட் ரவியோலி

செப்டம்பர் 20, 2025, சனி. சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

புரட்டாசி முதல் சனி பூஜை நல்லபடி முடிந்தது. பூசணிக்கறி, பூரி, பருப்பு, சோஜி எல்லாம் வாழை இலையில் படைத்துச் சாப்பிட்டு எழுந்ததும் மகள் தன் பிறந்தநாள் பேச்சை எடுத்தாள். அக்டோபர் 5 ஞாயிறு. வழக்கமாக உம்ஷ்லாங்காவில் ஒரு இத்தாலிய உணவகத்துக்குப் போவோம், அவள் கேட்பது எப்போதும் கிரீம் சாஸில் வரும் பட்டர்நட் ரவியோலிதான், பட்டர்நட் பூசணியைப் பூரணமாக வைத்து மூடிய பாஸ்தா அது. இந்த வருஷம் அவளும் மாதம் முழுக்க விரதம். அங்கே மாவில் முட்டை சேர்க்கிறார்கள், அதனால் போக முடியாது. "வீட்டிலேயே செய்ய முடியுமாம்மா?" என்று கேட்டாள்.

முடியும் என்றேன். விரதம் இருக்கிற பிள்ளைக்கு ஏதோ ஒன்றைச் செய்து போட்டு, இதுவும் அதுமாதிரிதான் என்று சமாதானம் சொல்ல எனக்குப் பிடிக்காது. கடையில் சாப்பிட்ட அதே ருசி தட்டில் வர வேண்டும்.

செப்டம்பர் 22

முட்டை இல்லாமல் பாஸ்தா மாவா என்று அத்தைக்குச் சந்தேகம். இத்தாலியின் வடக்கில்தான் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று கணக்கு. தெற்கே காலங்காலமாக டியூரம் கோதுமை ரவையையும் தண்ணீரையும் மட்டும் பிசைந்தே பாஸ்தா செய்கிறார்கள். இன்னொன்றும் அத்தைக்குச் சொன்னேன். இத்தாலியின் மாந்துவா ஊரில் ரவியோலி மாதிரியே பூசணி அடைத்த தொர்தெல்லியைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு சாப்பிடுவது வழக்கம். அன்று அவர்களுக்கு இறைச்சி கிடையாது. "அப்போ இது அவங்க விரதச் சாப்பாடா!" என்றார் அத்தை. அதற்குப் பிறகு அவரே ஆர்வமாகிவிட்டார்.

முட்டையைவிடச் சிக்கல் சீஸில்தான். பார்மிஜானோ என்ற அசல் இத்தாலிய சீஸ், பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்தே செய்யப்படுகிறது. அங்குள்ள விதியே அப்படி. பால்தானே என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. சைவ ரென்னெட் என்று அட்டையில் போட்டிருக்கும் முற்றிய சீஸாகத் தேடி எடுத்தேன். சாஸுக்கு வேண்டிய மஸ்கார்போனே சீஸில் இந்தக் கவலை இல்லை, கிரீமைப் புளிப்பு சேர்த்துத் திரட்டுவதுதான் அது.

செப்டம்பர் 24

பாரம்பரிய நாள் விடுமுறை. மாவைச் சோதித்துப் பார்க்க நேரம் கிடைத்தது. கேக் மாவு இதற்கு மிகவும் மென்மை. பிரெட் மாவு 250 கிராம், மெல்லிய ரவை 150 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 200 மில்லி, ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு. நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், அதற்கு மேல் போட்டால் வாசனை வந்துவிடும். ரொட்டி மாவைவிட நல்ல இறுக்கமாகப் பத்து நிமிஷம் பிசைந்து, மூடி அரை மணி நேரம் வைத்தேன். பிசைந்த உடனே தேய்த்தால் மாவு சுருங்கிக்கொண்டே இருக்கும். ஊறிய பிறகு சொன்னபடி கேட்கிறது. அடியில் கையை வைத்தால் விரல் தெரியும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். ஓரத்தில் இரண்டு மடிப்பு சேரும்போது கனம் கூடிவிடுமே.

அக்டோபர் 3

பட்டர்நட் வாங்க சாட்ஸ்வர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போனேன். கழுத்து நீளமாக இருப்பதாகப் பார்த்து எடுத்தேன், அதில்தான் சதை அதிகம். சேஜ் என்ற வாசனை இலையும் கிடைத்தது.

அக்டோபர் 4, சனி

காலையில் மூன்றாம் சனி பூஜை. மத்தியானம் பூரண வேலை.

ரவியோலியின் முக்கால்வாசி வெற்றி பூரணத்தை உலர்த்துவதில் இருக்கிறது. ஈரம் இருந்தால் இரவுக்குள் மாவு நனைந்து கிழியும், வெந்நீரில் வாய் பிளக்கும். அதனால் பட்டர்நட்டை வேகவைக்கவே கூடாது. நீளவாக்கில் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுட்டேன். சதையைச் சுரண்டி, வாணலியில் சிறு தீயில் அடிப்பிடிக்காமல் கிளறக் கிளறத் தண்ணீர் வற்றி நிறம் கருத்து, இனிப்பு ஏறியது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்கும் வரை விடவில்லை. இரண்டு லிட்டர் பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டேன். ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸின் இடத்தில் அது. இரண்டையும் ஆறிய பிறகு கலந்து உப்பு, மிளகு, துருவிய ஜாதிக்காய், ஒரு பிடி சீஸ்.

தம்ளர் விளிம்பால் வட்டம் வெட்டி, நடுவில் ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தடவி மூட வேண்டும். மூடும்போது பூரணத்தைச் சுற்றி விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிடணும்; உள்ளே நின்ற காற்று சூட்டில் விரிந்தால் வெடிக்கும். அத்தை கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்காரர், என்னைவிட வேகமாக மூடினார். ரவை தூவிய தட்டுகளில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தோம்.

அக்டோபர் 5, ஞாயிறு

சாஸுக்குக் கறிவேப்பிலை போடலாமே என்றார் அத்தை. கறிவேப்பிலை போட்டால் அது நேற்றைய பூசணிக்கறியின் வாசனைக்குப் போய்விடும். மகள் கேட்டது வேறு. வெண்ணெயில் சேஜ் இலையை மொறுமொறுவென்று பொரித்து எடுத்துவிட்டு, அதே வெண்ணெயில் ஒரு பல் பூண்டு, 250 மில்லி கெட்டி கிரீம், இரண்டு கரண்டி மஸ்கார்போனே. கொழுப்பு குறைந்த கிரீமை நம்ப வேண்டாம், கொதியில் திரியக்கூடும். உப்பு போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் மெல்லக் குமிழ்விடும்போது ரவியோலியைப் போட்டேன். மேலே மிதந்ததும் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்து எடுத்து நேராகச் சாஸில். அந்த வெந்நீரிலேயே ஒரு அகப்பை சேர்த்தேன். மாவின் கஞ்சித்தன்மை வெண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும், சாஸ் பளபளப்பாக ஒட்டும். உணவகத்துச் சாஸுக்கு அந்தப் பதம் வருவது இதனால்தான். கடைசியில் சீஸ், கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல், மேலே பொரித்த சேஜ்.

மகள் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தட்டை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம் அத்தையிடம், "ஆயா, அந்தக் கடையிலகூட உள்ளே இவ்வளவு வைக்கமாட்டாங்க" என்றாள். அத்தை மறுபடியும் போட்டுக்கொண்டார், அவருக்குக் கிரீம் சாஸ் பிடிக்கும் என்று இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது.

அக்டோபர் 6

ஒரு தட்டு மீதி ஃப்ரீசரில் இருக்கிறது. நாத்தனார் கேட்டிருக்கிறார், நாளை கொடுத்தனுப்ப வேண்டும். உருகவிடாமல் உறைந்தபடியே வெந்நீரில் போடச் சொல்ல வேண்டும், இரண்டு நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும். அடுத்த சனிக்குப் பச்சைப் பட்டாணியும் உருளைக்கிழங்கும் வைத்து ஒரு பூரணம் செய்துபார்க்கலாம் என்கிறார் அத்தை.