ஒரு கிற்றார், இரண்டு குமிழ்: றோறி கல்லகர்

அயர்லாந்தின் புளூஸ் றொக் கிற்றார் கலைஞர் றோறி கல்லகரின் படத்தில் முதலில் கண்ணில் படுவது கிற்றாரின் கோலம்தான். வர்ணம் உரிஞ்சு வெறும் மரம் தெரியும். முப்பது வருசத்து வியர்வை அது. 1961இல் செய்த அந்த ஃபெண்டர் ஸ்ராற்றோகாஸ்ரர் (சுருக்கமாக ஸ்ராற்) மின் கிற்றாரை 1963இல், பதினைந்து வயதில், அயர்லாந்தின் கோர்க் நகரில் 100 பவுணுக்குக் கடனாக வாங்கினார். அப்போதே அது ஒருவர் பாவித்த கிற்றார். 1995 ஜூன் 14இல், 47 வயதில், கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் வந்த தொற்றால் லண்டனில் இறக்கும்வரை அதை விடவில்லை.

தொடக்கம் ஷோபாண்டில். எங்கள் கோயில் திருவிழாக்களில் இரவிரவாகச் சினிமாப் பாட்டு வாசிக்கும் கோஷ்டிகளைப் போல, அன்றைய பிரபலப் பாட்டுகளை நடன மண்டபங்களில் வாசிக்கும் குழுக்கள் அவை. கோஷ்டியில் வாசிக்கிற பெடியள் இதைச் சிறுமையாக நினைக்கவேண்டாம். பாடகர் கேட்கும் சுருதிக்கு உடனே மாறவும், மணிக்கணக்கில் கை தளராமல் வாசிக்கவும் அங்கேதான் பழகலாம். 1966இல் ‘ரேஸ்ற்’ குழு, 1971இலிருந்து சொந்தப் பெயரில் தட்டுகள். சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) வெளியிடுவதில் அவருக்கு நாட்டமே இல்லை. பெயர் மேடையில் வளர்ந்தது. எழுபதுகளில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற்றில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தபோது மற்றக் குழுக்கள் ஒதுங்க, அவர் அல்ஸ்ரர் மண்டபத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். அப்படி ஒரு கச்சேரியின் பெறுமதியை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை.

இனி அவருடைய சத்தம். ஸ்ராற்றில் மூன்று குமிழ்: ஒரு வொலியூம், இரண்டு ரோன். வழமையான வயறிங்கில் ரோன் இரண்டும் கழுத்துப் பிக்கப்புக்கும் (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) நடுப் பிக்கப்புக்கும் மட்டும். கம்பிகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்கு எதுவும் இல்லாததால் அது காதைக் குத்தும். கல்லகர் கீழ் ரோனைத் துண்டித்து, மற்றதை மூன்று பிக்கப்புக்கும் பொதுவாக்கினார். மலிவான ஸ்ராற்றிலும் இதைச் செய்யலாம். கம்பிகளைத் தளர்த்தி, பிக்கப்புகள் பூட்டிய முன்பக்கத் தட்டின் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். அநேகமாக 11 இருக்கும். பிக்கப்பைத் தெரிவுசெய்யும் சுவிச்சிலிருந்து ரோன்களுக்குப் போகும் இரண்டு வயரையும் சுவிச் பக்கத்தில் எடுத்துவிடுங்கள். நடுக் குமிழின் வயரை, வொலியூமில் சுவிச் வயர் வந்து சேரும் அதே காலில் பற்றவையுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கப்பாசிற்றர் பெரும்பாலும் இரண்டு ரோனுக்கும் ஒன்றுதான். கீழ்க் குமிழை அப்படியே பிடுங்கினால் அதுவும் போய்விடும், பிறகு ரோன் திருகினாலும் ஒன்றும் நடக்காது. நடுக் குமிழிலிருந்து ஏர்த்துக்கு 0.022 மைக்ரோபரட் கப்பாசிற்றர் இருக்கவேண்டும். ஈயம் மங்கலாக உறைந்தால் இணைப்பு சரியில்லை, கரகரக்கும். எல்லாம் பூட்டியபின் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறையவேண்டும். குறையாவிட்டால் பின்பக்க ஸ்பிரிங் பிடிக்குப் போகும் ஏர்த் வயர் அறுந்திருக்கிறது.

ஆரம்ப காலத்தில் அவரிடம் இருந்தது வொக்ஸ் ஏசி 30 அம்ப்ளிஃபயரும் (அம்ப்), கிற்றாருக்கும் அதற்கும் இடையில் டல்லஸ் றேஞ்ச்மாஸ்ரர் என்ற ட்ரெபிள் பூஸ்ரரும் (கீச்சொலியைத் தூக்கும் பெட்டி)தான். பூஸ்ரரை அம்பின் பிரகாசம் குறைந்த சனலில் கொடுத்து, கிற்றாரின் வொலியூமை 6இல் வைத்தால் தாளத்துக்குத் தெளிவு. 10க்குத் திருப்பினால் சோலோ. பெடல் மிதிக்க வேண்டியதே இல்லை. அந்தப் பூஸ்ரரின் இன்று கிடைக்கும் நகல்களில் இரண்டு சிக்கல்கள். ஜேர்மேனியம் ட்ரான்சிஸ்ரர் சூட்டுக்கு இளகும்; சித்திரை வெயிலில் திறந்த மேடையில் வைத்தால் பயஸ் (ட்ரான்சிஸ்ரரின் வேலைநிலை மின்னழுத்தம்) மாறிச் சத்தம் கம்மி உடையும். நிழலில் வையுங்கள், அல்லது சிலிக்கன் பதிப்பை வாங்குங்கள். அடுத்தது, பழைய அமைப்பில் செய்தவற்றுக்குப் பொசிற்றிவ் ஏர்த், அதாவது + முனைதான் ஏர்த். மற்றப் பெடல்களோடு ஒரே அடப்ரரில் கோத்தால் ஷோர்ட் ஆகும். தனி 9 வோல்ற் பற்றறி போடுங்கள். கிற்றாரிலிருந்து நேரே இதற்குள் வரவேண்டும், இடையில் பஃபர் (சிக்னலைப் பலப்படுத்தும் சுற்று) உள்ள பெடல் வந்தால் சத்தம் மெலிந்து கீச்சிடும்.

வியர்வை மேடையில் அழகாகத் தெரியலாம், கிற்றாருக்கு அது நஞ்சு. சோளகம் வீசும் மாதங்களில், கரையோரத்தில், உப்புக் காற்றும் சேர்ந்தால் மெல்லிய மூன்று கம்பிகளும் சில கிழமைகளில் கறள் பிடிக்கும். அறுவது பெரும்பாலும் பிரிட்ஜில் வளையும் இடத்தில். வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியைக் கம்பிகளுக்குக் கீழாலும் விட்டுத் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள்.

மாரியில் ஈரம் குடித்துக் கழுத்தும் அசையும். முதல் கட்டையும், கழுத்து உடலோடு சேரும் கட்டையும் அழுத்திப் பிடித்து, எட்டாம் கட்டையில் ஆறாம் (மிகத் தடித்த) கம்பிக்குக் கீழே இடைவெளியைப் பாருங்கள்: கிட்டத்தட்ட 0.25 மில்லிமீற்றர் நல்லது. கூடினால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை (ட்ரஸ் றொட்) வலப்பக்கமாகத் திருகுங்கள். ஒரே நாளில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அடுத்த நாள் ரியூன் செய்து திரும்ப அளந்து பாருங்கள்.