மைக்ரோஅரே கேள்வியா? முதலில் உப்பைப் பாருங்கள்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். அப்பாடா! தேர்வு அமைப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான். நேராக நியூக்ளிக் அமிலப் பகுதிக்கு வருகிறேன், அதிலும் மைக்ரோஅரேக்கு: சில்லில் ஒட்டிய தெரிந்த டிஎன்ஏ துண்டுகளோடு (இவைதான் ஆய்விகள்) மாதிரியின் இழைகள் இணைவதை வைத்து எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று பார்க்கும் முறை.

பயிற்சிக் குறிப்புகள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆர்என்ஏ பிரி, சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) ஆக்கு, சாயம் ஏற்று, சில்லில் ஊற்று, கழுவு, ஸ்கேன் செய் என்று செய்முறையை வரிசையாகக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அந்த வரிசையைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஒரு நிபந்தனையை மாற்றிவிட்டு 'இப்போது என்ன ஆகும்?' என்றுதான் கேட்கிறார்கள்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே பழக்கம்: எந்தக் கேள்வி வந்தாலும் அதில் உப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. டிஎன்ஏ இழையின் முதுகெலும்பில் பாஸ்பேட்டுக்கு ஒன்று வீதம் எதிர்மின்னூட்டம். அதனால் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தள்ளும். சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைத் தணிக்கின்றன. உப்பைக் குறைத்தால் இணைப்பு தளரும், டிஎம் (பாதி இணைகள் பிரிந்துவிடும் வெப்பநிலை) இறங்கும். கடைசிக் கழுவலுக்கு 2 மடங்கு எஸ்எஸ்சி (சோடியம் உப்புக் கரைசல்) போதாமல் 0.1 மடங்குக்குப் போவது இதனால்தான். அரைகுறையாக ஒட்டியவை போய்விடும், சரியாகப் பொருந்தியவை மட்டும் நிற்கும். வெப்பத்தைக் கூட்டினாலும் அதே விளைவுதான். ஃபார்மமைடு என்ற கரைப்பானும் அப்படியே, ஒரு சதவீதத்துக்கு ஏறத்தாழ 0.6 டிகிரி டிஎம் குறையும். இவ்வளவையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய என்னால் ஆகாது. ஒரு படம் வரைந்துகொண்டால் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடுகிறது.

அடுத்து ஒரு பொறி. இரட்டைச் சுருள் எதனால் நிலைக்கிறது என்று கேட்டால் கை தானாக 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்று எழுதும். முக்கியப் பங்கு காரங்கள் (ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள்) ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்பதற்குத்தான். அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் பழைய சில்லுகளில் 25 கார நீள ஆய்வி. ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைக்கும் பொருந்தாத இணையில் 13ஆவது காரத்தை மாற்றியிருப்பார்கள். ஏன் நடுவில்? ஓரத்தில் மாற்றினால் நுனி மட்டும் பிரிந்து ஆடும், மீதி ஒட்டியபடியே இருக்கும். நடுவில் மாற்றினால்தான் இணைப்பு நன்றாகத் தளரும்.

ஆய்வி இழைகளை வேதிமுறையில் ஒவ்வொரு காரமாகக் கட்டும் பாஸ்போரமிடைட் தொகுப்புக்கு இது போதும்:
- காப்பு நீக்கம், இணைப்பு, மூடல், ஆக்சிஜனேற்றம். இந்த வரிசை பிசகக் கூடாது.
- வளர்வது 3′ முனையிலிருந்து 5′ நோக்கி. செல்லில் டிஎன்ஏவைக் கட்டும் நொதியான பாலிமரேஸுக்கு நேர் எதிர்.
- 25 காரங்களுக்கு 24 இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பும் 99% வெற்றி என்றால் முழு நீளத்தை எட்டும் இழைகள் சுமார் 79%. 95% என்றால் வெறும் 29%.

கால்குலேட்டர் இல்லையா? இழப்பு விகிதத்தை 24ஆல் பெருக்கி, e-யின் எதிர் அடுக்காகப் போடுங்கள். 0.01-க்கு 0.24, விடை 0.79. இழப்பு சிறிதாக இருக்கும்வரை இது நன்றாகவே ஓடும்.

வரலாற்றில் நேரத்தைக் கொட்டாதீர்கள். 1975 சதர்ன் பிளாட் (டிஎன்ஏவைச் சவ்வில் ஒட்டித் தேடும் முறை), 1991 ஃபோடார் குழுவின் ஒளிவழித் தொகுப்பு (சில்லின்மேல் ஒளியால் மூலக்கூறுகளைக் கட்டுவது), 1995 ஷீனா குழு மைக்ரோஅரேயில் அளந்த அராபிடாப்சிஸ் செடியின் 45 மரபணுக்கள். சதர்னில் மாதிரி சவ்வில் ஒட்டியிருக்கும், ஆய்வி கரைசலில் இருக்கும்; மைக்ரோஅரேயில் அப்படியே தலைகீழ். நேர்முகத்தில் என்னிடம் கேட்டது இந்த வேறுபாட்டைத்தான், ஆண்டை யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதிரிகளுக்கு ஏற்றும் சை5 (சிவப்பு), சை3 (பச்சை) சாயங்களின் ஒளி விகிதம் 2 என்றால் மடக்கை 2 அடியில் +1. பாதி என்றால் −1. சாயங்களை மாற்றிப் போட்டு இன்னொரு முறை ஓட்டுவது ஏன் என்ற கேள்விக்குச் சாயச் சார்பு (ஒரு சாயம் மற்றதைவிட நன்றாக ஏறுவது அல்லது ஒளிர்வது) என்று ஒரு வரி எழுதினால் போதும்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது, அதைப் பற்றி வேறு யாரையாவது கேளுங்கள். அப்புறம், 'ஆர்என்ஏ வரிசையையே படித்துவிடும் சீக்வென்சிங் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?' என்று நேர்முகத்தில் சீண்டுவார்கள். எஸ்என்பி (டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாற்றம்) வகையறிதலிலும், குரோமோசோமில் துண்டு கூடியதா குறைந்ததா என்று பார்க்கும் மருத்துவப் பரிசோதனையிலும் சில்லுகள் இன்னும் ஓடுகின்றன. அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.